‘விலக்கிவிடத்தான் போனேன்’ என்கிறான் தம்பி

கேள்வி: நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பா இல்லை. தம்பியை நான்தான் படிக்க வைக்கிறேன். தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் கபடி கோட்டாவில் சேர்ந்து பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன வாரம் ஒரு போட்டியில் கடைசி நிமிட போனஸ் புள்ளியை வைத்துத் தகராறு. அன்று இரவு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எதிர் அணிப் பையன் ஒருவனை ஐந்து பேர் சேர்ந்து கட்டையால் அடித்ததாகக் கேஸ். அவன் மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கொலை முயற்சி என்று போட்டிருக்கிறார்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியதாகவும் எழுதி, பி.சி.ஆரும் சேர்த்திருக்கிறார்கள். தம்பி ஏ3, அதாவது எஃப்.ஐ.ஆரில் மூன்றாவது குற்றவாளியாகப் பெயர். ‘நான் விலக்கிவிடத்தான் போனேன்’ என்கிறான். பி.டி. சார், ‘பத்து நாள் வெளியூரில் இருக்கட்டும், ஐந்து பேருக்கும் சேர்த்து வக்கீல் வைத்தாச்சு’ என்கிறார். அரசியல் கட்சிக்காரர் ஒருவர் இரண்டு லட்சம் கொடுத்தால் அந்தக் குடும்பத்திடம் பேசி முடித்துத் தருகிறேன் என்கிறார். கல்லூரியில் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். போலீஸ் வேலைக்குப் போவதுதான் அவன் கனவு. இப்போது என் வீட்டில் இருக்கிறான். என்ன செய்யட்டும்?
- ஓர் அக்கா, திருப்பூர்

பதில்:

சகோதரிக்கு,

முதல் வேலையாக அவனை உங்கள் வீட்டிலிருந்து கிளப்புங்கள். துரத்திவிடச் சொல்லவில்லை, வக்கீல் ஆபீசுக்குக் கிளப்பச் சொல்கிறேன். தேடப்படும் ஆள் என்று தெரிந்தே ஒருவரை வீட்டில் ஒளித்து வைப்பது தனிக் குற்றம். பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 249-ஆம் பிரிவு. புருஷனை மனைவியோ, மனைவியைப் புருஷனோ வைத்திருந்தால் மட்டும் அதில் விலக்கு உண்டு. அம்மாவுக்குக் கிடையாது, அக்காவுக்கும் கிடையாது. ‘வெளியூரில் இருக்கட்டும்’ என்று சொன்ன பி.டி. சாருக்கு அந்த வெளியூர் உங்கள் வாடகை வீடுதான் என்பது தெரியாமலா இருக்கும்? நாளைக்குப் போலீஸ் வந்து தட்டப்போவது உங்கள் கதவைத்தான், அவர் வீட்டுக் கதவை அல்ல.

தலைமறைவு என்பது விளையாட்டு வீரர்களுக்கு என்றைக்கும் ஒத்துவந்ததில்லை. மல்யுத்த வீரர் சுஷில் குமாரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2008-லும் 2012-லும் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர். 2021 மே 4-ஆம் தேதி இரவு டில்லி சத்ரசால் மைதானத்தில் சாகர் தன்கர் என்ற 23 வயது மல்யுத்த வீரர் அடிபட்டு இறந்துபோன வழக்கில் அவர் பெயர் வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் கண்ணில் படவில்லை. தகவல் தருபவருக்கு ஒரு லட்சம் என்று போலீஸ் அறிவித்தது. மே 23-இல் பிடித்தார்கள். ரயில்வே வேலையில் சஸ்பென்ஷன். வழக்கு என்ன ஆகும் என்பது கோர்ட் சொல்ல வேண்டியது, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் இரண்டு பதக்கம் வாங்கியவருக்கே ஓடி ஒளிந்ததில் ஒரு பிரயோஜனமும் இல்லை. உங்கள் தம்பி எம்மாத்திரம்? ‘இந்த ஆள் ஓடிவிடுவார்’ என்று ஜாமீன் மனுவை எதிர்த்து அரசு வக்கீல் சொல்வதற்கு, அவன் ஒளிந்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதிக் கொடுக்கிறது.

அடுத்து பிரிவுகள். கொலை முயற்சியை ஊரில் எல்லோரும் இன்னும் பழைய எண்ணை வைத்து ‘307 கேஸ்’ என்றுதான் சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் அது 109. காயம் பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். இதைப் படித்ததும் உங்களுக்கு நெஞ்சு அடைக்கும், தெரியும். ஆனால் எஃப்.ஐ.ஆரில் 109 போட்டிருப்பதாலேயே கொலை முயற்சி நிரூபணமாகிவிடாது. உயிரை எடுக்கும் எண்ணம் இருந்ததா என்று பார்ப்பார்கள்: எந்த ஆயுதம், உடம்பில் எந்த இடம், எத்தனை அடி. ஆஸ்பத்திரியில் முதலில் சேர்க்கும்போது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவார்களே, அந்த ஏ.ஆர். காப்பியும், பிறகு டாக்டர் தரும் காயச் சான்றும்தான் இதைத் தீர்மானிக்கும். விசாரணை முடிந்து சார்ஜ் ஷீட் போடும்போது 109 போய், ஆயுதத்தால் காயப்படுத்திய 118 ஆவதும் உண்டு. மண்டையில் கட்டையால் அடி என்று நீங்களே எழுதியிருப்பதால், அதை இப்போதே எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம். அந்தப் பையன் கண் திறந்து, எழுந்து நடந்து வீட்டுக்குப் போகவேண்டும் என்று உங்கள் குலசாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் 109 இருக்கும் இடத்தில் 103 வந்துவிடும், அது கொலை.

பி.சி.ஆர். என்று நீங்கள் எழுதியிருப்பது பழக்கத்தில் வந்த பெயர். இப்போது போட்டிருப்பது 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமாகத்தான் இருக்கும். இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தை, எதிராளி பட்டியல் சமூகத்தவர் என்று தெரிந்தே செய்திருந்தால், இந்தச் சட்டப்படி ஆயுள் தண்டனை. இரண்டு, இதில் முன்ஜாமீன் கிடையாது. புகாரைப் படித்த மாத்திரத்தில் அந்தச் சட்டமே பொருந்தவில்லை என்று கோர்ட்டுக்குத் தெரிந்தால்தான் முன்ஜாமீனைப் பற்றி யோசிப்பார்கள். ‘ஐகோர்ட்டில் ஆன்டிசிபேட்டரி வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது உங்களிடம் முன்பணம் கேட்டால், எஃப்.ஐ.ஆரைக் காட்டி ‘எப்படி வாங்குவீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

‘என் தம்பி அப்படிப் பேசமாட்டான், இது பொய் கேஸ்’ என்று நீங்கள் சொல்லலாம். அவன் பேசாமலே இருந்திருக்கலாம். ஆனால் தென் மாவட்ட கபடி மைதானங்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் பாடிப் போனவன்தான். எந்த ஊர் டீம், எந்தத் தெரு டீம் என்று கேட்டாலே அதற்குள் சாதி உட்கார்ந்திருக்கும். பனியனில் போட்டிருக்கும் படத்தையும் கையில் கட்டியிருக்கும் கயிற்றையும் பார்த்தே சொல்லிவிடுவார்கள். போனஸ் புள்ளிக்கு வந்த சண்டை போனஸ் புள்ளியோடு நிற்காமல் பஸ் ஸ்டாண்டு வரை ஏன் போனது என்று அவனிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். அவன் சொல்லும் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் அது உங்கள் வக்கீலுக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

விலக்கிவிடப் போனான் என்கிறீர்கள். நான் நடத்திய அடிதடி வழக்குகளில் விலக்கிவிடப் போகாத ஆளை நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் விலக்கிவிடத்தான் போயிருக்கிறார்கள், எப்படியோ ஒருவன் மண்டை மட்டும் உடைந்திருக்கிறது. கிண்டலுக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே விலக்கிவிடப் போனவனும் அதே வார்த்தையைத்தான் சொல்வான், அதுதான் சிக்கல். ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே நோக்கத்தோடு கூடிவிட்டால், கட்டையைப் பிடித்தவன் ஒருவனே என்றாலும் 190-ஆம் பிரிவின்படி அத்தனை பேரும் அதே குற்றத்துக்குப் பொறுப்பு. உங்கள் தம்பி கையில் என்ன இருந்தது என்பது மட்டும் கேள்வி இல்லை. அங்கே எதற்குப் போனான் என்பதும் கேள்வி.

அதற்குப் பதில் அவன் போனில் இருக்கும். டீம் வாட்ஸ்அப் குரூப்பில் அன்று சாயங்காலம் என்ன ஓடியது? ‘வாடா பார்த்துக்கலாம்’ என்று ஏ1 போட்டதற்கு இவன் கட்டைவிரல் காட்டியிருந்தால் ஒரு கதை. ‘வேண்டாம் அண்ணே, விடுங்க’ என்று எழுதியிருந்தால் வேறு கதை. எதுவாக இருந்தாலும் அழிக்கச் சொல்லாதீர்கள். போனை உடைத்து வாய்க்காலில் போடுவது, நம்பரை மாற்றுவது, குரூப்பிலிருந்து வெளியேறுவது எல்லாம் சினிமாவில் நன்றாக இருக்கும். இங்கே சாட்சியத்தை அழித்த குற்றம் ஒன்று கூடுதலாகச் சேரும், அவ்வளவுதான். மற்ற நான்கு பேர் போனிலும் அதே குரூப் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள் பையன்கள்.

அவன் தரப்பில் உண்மை இருந்தால் அதற்கும் தடயம் இருக்கும். 2006-இல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக லாக்ராஸ் (அங்கே ஆடும் ஒரு பந்து விளையாட்டு) அணி வீரர்கள் மூன்று பேர் மீது பாலியல் வன்முறை வழக்கு வந்தது. ஊரே அவர்களைக் குற்றவாளி என்று முடிவு கட்டியது, அந்த வருடப் போட்டிகளையே ரத்து செய்தார்கள். அதில் ஒருவர் அந்த நேரத்தில் அங்கே இல்லை என்று காட்டியவை ஏ.டி.எம். பதிவு, டாக்ஸி ஓட்டியவரின் சாட்சி, விடுதிக் கதவைத் திறக்கத் தேய்த்த அட்டை. அடுத்த வருடம் ஏப்ரலில் மூவரும் நிரபராதிகள் என்று மாநில அட்டர்னி ஜெனரலே அறிவித்தார். உங்கள் தம்பி அன்று டீக்கடையில் ஜிபே பண்ணியிருப்பான், யாருக்காவது போன் அடித்திருப்பான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள கடைகளில் எங்கே கேமரா இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பதிவுகள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானாக அழிந்துவிடும். நீங்களே போய்க் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், மிரட்டினார்கள் என்று ஆகிவிடும். அந்தப் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று வக்கீல் எழுத்தில் மனு கொடுக்கட்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. அந்தஸ்தில் இருக்கவேண்டும், மனு அவர் பெயருக்குப் போகவேண்டும்.

வக்கீல் என்றதும் பி.டி. சார் ஏற்பாடு செய்த வக்கீல் ஞாபகம் வருகிறது. ஐந்து பேருக்கும் ஒரே வக்கீல் வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ‘அடித்தது ஏ1, நான் ஆஜராகும் பையன் தடுத்தான்’ என்று உங்கள் தம்பிக்காக அவர் எப்படி வாதாடுவார், ஏ1-க்கும் அவரே வக்காலத்து போட்டிருக்கும்போது? ஃபீஸ் கொடுப்பது யார், ஏ1 யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரியுங்கள், பாதி விளங்கிவிடும். தனி வக்கீல் வையுங்கள். நகையை அடகு வைப்பதற்கு முன்னால், மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். கைதாகிக் காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது.

சரி, இனி என்ன செய்வது? தனி வக்கீலோடு போய் வன்கொடுமை வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத்தில் சரணடைந்து ஜாமீன் மனு போடுவதுதான் என் யோசனை. அவன் ரிமாண்ட் ஆகலாம், மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். அந்த ஜாமீன் மனுவில் அடிபட்ட பையன் தரப்புக்கும் தகவல் போகும், அவர்கள் சொல்வதையும் கோர்ட் கேட்கும். அங்கே மறுத்தால் ஐகோர்ட் மதுரைக் கிளையில் அப்பீல். எதுவும் நடக்காவிட்டாலும், ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 90 நாளைக்குள் போலீஸ் சார்ஜ் ஷீட் போடவில்லை என்றால் ஜாமீன் கேட்பது அவன் உரிமை. 91-ஆம் நாள் காலையில் மனு தயாராக இருக்கவேண்டும், அதற்கான தேதியை ரிமாண்ட் ஆன அன்றைக்கே காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். மனு போடுவதற்குள் சார்ஜ் ஷீட் வந்துவிட்டால் அந்த உரிமை கைநழுவிவிடும். ஒருவேளை சரணடைவதற்குள் கைது செய்துவிட்டால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோக வேண்டும். விசாரிக்கும்போது வக்கீலைச் சந்திக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. ஸ்டேஷனில் கொடுக்கும் வாக்குமூலத்தில் அவன் கையெழுத்துப் போடத் தேவையில்லை. இதை அவனிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.

அப்புறம், வயது எழுதவில்லை நீங்கள். இரண்டாம் ஆண்டு என்றால் பதினெட்டு தாண்டியிருக்கும். ஆனாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துப் பிறந்த தேதியைப் பாருங்கள். சம்பவத்தன்று பதினெட்டுக்கு ஒருநாள் குறைந்திருந்தாலும் அவன் போகவேண்டிய இடம் இளைஞர் நீதிக் குழுமம், பாதையே வேறு.

ஜாமீன் மனுவில் அவன் வாங்கிய கோப்பைகளை எல்லாம் வரிசையாகப் போடவேண்டும் என்று பி.டி. சார் ஆசைப்படுவார். ‘சிறந்த வீரர், எதிர்காலம் பாழாகிவிடும்’ என்று உருகுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மாணவன், பரீட்சை இருக்கிறது, நிரந்தர முகவரி இருக்கிறது, முன் வழக்கு இல்லை, அக்கா ஜாமீன் கையெழுத்துப் போடுவார் என்ற அளவு போதும். ஆஸ்பத்திரியில் கிடக்கும் பையனும் வீரன்தான், அவன் எதிர்காலத்தை யார் எழுதுவது? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நீச்சல் வீரர் ஒருவர் 2016-இல் பாலியல் குற்றத்தில் தண்டிக்கப்பட்டபோது, ‘இருபது வருட வாழ்க்கையில் இருபது நிமிடச் செயலுக்கு இவ்வளவு விலையா?’ என்ற தொனியில் அவர் அப்பா நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். தண்டனை ஆறு மாதம்தான் கிடைத்தது, அதிலும் மூன்று மாதத்தில் வெளியே வந்தார். ஆனால் அந்தக் கடிதத்தை உலகமே படித்துக் காறித் துப்பியது, இரண்டு வருடம் கழித்து ஓட்டுப் போட்டு அந்த நீதிபதியையே பதவியிலிருந்து இறக்கினார்கள். விளையாட்டைக் கேடயமாகப் பிடித்தால் எதிரே இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்பதற்குச் சொன்னேன்.

இப்போது இரண்டு லட்சம். நீங்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான் என்று கடிதத்தைப் படித்தபோதே தெரிந்தது. அந்தக் கட்சிக்காரர் சொல்லும் ‘பேசி முடிப்பது’ என்றால் என்ன? 109-ஐ ஸ்டேஷனிலோ கீழ்க்கோர்ட்டிலோ சமரசம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடமே இல்லை. விதிவிலக்காக ஐகோர்ட் மட்டும்தான், காயத்தையும் சூழ்நிலையையும் பார்த்து, வழக்கை ரத்து செய்ய யோசிக்கும். ஆகவே அவர் செய்யப்போவது ஒன்றுதான்: சாட்சிகளைப் பிறழச் சொல்வது. கூண்டில் ஏறி ‘எனக்கு அடையாளம் தெரியவில்லை’ என்று சொல்ல வைப்பது.

சொல்லிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு விடுதலை. தம்பி போலீஸ் தேர்வு எழுதுகிறான், விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 10 சதவீத ஒதுக்கீட்டில் ஓட்டம், கயிறு எல்லாம் பாஸ். அதன்பிறகு முன்நடத்தை விசாரணை. தமிழ்நாட்டுப் போலீஸ் பணி விதிகள் என்ன சொல்கின்றன தெரியுமா? சந்தேகத்தின் பலனைக் கொடுத்தோ, புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலையானவரைக் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதவேண்டும். குற்றமற்றவர் என்று கௌரவமாக விடுதலையானாலோ, தவறாகப் பதிந்த வழக்கு என்று போலீஸே முடித்தாலோதான் அடுத்த தேர்வில் உரிமையோடு நிற்க முடியும். இரண்டு லட்சம் கொடுத்து நீங்கள் வாங்கப்போவது அவன் கனவுக்கு வைக்கும் ஆப்பைத்தான். மறைத்து விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் அதற்காகவே வேலை போகும்.

சுஷில் குமார் வழக்கையே திரும்பப் பாருங்கள். 2025 மார்ச்சில் டில்லி ஐகோர்ட் ஜாமீன் கொடுத்தது. ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்து ஒரு வாரத்தில் சரணடையச் சொன்னது. இறந்த பையனின் அப்பா சாட்சிகள் கலைக்கப்படுகிறார்கள் என்று போட்ட மனுவில்தான் அந்த உத்தரவு.

அடிபட்டவன் வீட்டுக்கு நீங்களும் போகாதீர்கள், தம்பியின் நண்பர்களும் போகக்கூடாது. மனசு கேட்கவில்லை, வைத்தியச் செலவுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றினால் அது நல்ல மனசுதான். வக்கீலிடம் சொல்லி, கோர்ட்டுக்குத் தெரிந்து செய்யுங்கள். இடையில் கட்சிக்காரர் யாரும் வேண்டாம்.

கல்லூரி விஷயம் பிறகு பார்க்கலாம். விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவன் தரப்பைக் கேட்காமல் நிரந்தரமாக நீக்கமுடியாது. நீங்களாக டி.சி. கேட்டு வாங்கிவிடாதீர்கள். உள்ளே இருக்கும்போது பரீட்சை வந்தால் கோர்ட் அனுமதியோடு எழுதலாம். கண்டிஷன் பெயிலில் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து என்று இருந்தால், போட்டிக்கோ பரீட்சைக்கோ வெளியூர் போகக் கண்டிஷனைத் தளர்த்தச் சொல்லி மனு போடலாம். வெளிநாட்டுப் போட்டி வந்தால் பாஸ்போர்ட்டுக்கும் கோர்ட் அனுமதி வாங்கவேண்டும். அதெல்லாம் நடக்கிற காரியம்தான். எத்தனையோ பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

ரிமாண்ட் ஆகிவிட்டால் மனு போட்டுப் பார்க்கப் போவீர்கள். ஆதார் அட்டை அசலை எடுத்துப் போங்கள், திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் காலையில் சீக்கிரம் வரிசையில் நிற்கலாம். கம்பிக்கு அந்தப் பக்கம் பத்து பேர், இந்தப் பக்கம் பத்து பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். வழக்கைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை பேசாதீர்கள். சாப்பிட்டானா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.